மடியில் இருந்தும் இறங்காத பால்: கடைமடைக் கொட்டில் ஒன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

"மாடு பால ஒளிக்குது டாக்டரம்மா. மடி கனத்துக் கெடக்கு. கை வச்சா ஒரு சொட்டு விட மாட்டேங்குது."

மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. நாகை மாவட்டத்துத் தலைஞாயிறு வட்டாரத்தில், வெண்ணாற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் ஒன்று. சம்பா தொண்டைக்கதிரில் நின்றது. அந்த வீட்டு அம்மா போனில் சொன்னதைத்தான் என் குறிப்பேட்டில் 'புகார்' என்ற இடத்தில் அப்படியே எழுதி, 'ஒளிக்குது' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறேன். கால்நடை மருத்துவராக இந்த டெல்டாவில் வேலை பார்க்கும் பதினான்கு வருடத்தில் எத்தனையோ கொட்டில்களில் இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டேன். மாட்டைத் திருடியாக்குகிற சொல் அது. திருடி என்று ஆகிவிட்டால் அடுத்தது அடிதான். அதனால்தான் இந்த ஒரு மாட்டின் கதையை முழுதாக எழுத நினைத்தேன். வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யார் பெயரும் இதில் இல்லை.

மாடு உம்பளச்சேரி இனம், இரண்டாம் ஈத்து. சாம்பல் உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நாலு குளம்புக்கு மேலும் வெள்ளை. இனத்துக்குப் பெயர் கொடுத்த உம்பளச்சேரி அங்கிருந்து அதிக தூரமில்லை. டெல்டாச் சேற்றில் இறங்கி உழைப்பதற்கென்றே இந்த மண்ணில் உருவான மாடு. கறவைக்குப் பேர் போனதல்ல. நன்றாகக் கறந்தால் நாளுக்கு இரண்டு லிட்டரை ஒட்டி வரும். காளைக்கன்றுக்காகவும், பெரியவர் காலத்திலிருந்து வருகிற வழி விட்டுப் போகக் கூடாது என்பதற்காகவும் வைத்திருந்தார்கள்.

ஐப்பசி பிறந்ததும் ஈன்றது. காளைக்கன்று, இந்த இனத்துக் கன்றுகளுக்கே உரிய செம்பழுப்பு நிறம். அடைமழை, காயாத தரை, கன்றுக்குக் கழிச்சல். இருபத்திரண்டாம் நாள் செத்துவிட்டது. அதுவரை வழக்கமான முறைதான்: கன்றை ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் இழுத்துத் தாயின் முன்னால் கட்டி, அது நக்கிக்கொண்டிருக்கும்போதே கறப்பது. காலையில் ஒரு லிட்டர், சாயங்காலம் முக்கால்.

கன்று செத்த அன்றே வீட்டு அப்பாயி தோலை உரித்து வாங்கி, உப்பும் மஞ்சளும் தேய்த்து, வைக்கோல் திணித்துத் தோல் கன்று செய்யச் சொன்னார். அவருக்கு எண்பது வயதுக்கு மேல். அவர் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். மாடு அதை நக்கியது, பாலும் இறங்கியது. ஒரு வாரம் குறையில்லை. இரண்டாம் வாரம் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. கார்த்திகை பிறந்து ஒரு வாரத்தில் தோல் கன்றை முகர்ந்து பார்த்துவிட்டு மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வீட்டில் அப்போது பால் தேவை கூடிய நேரம். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். கார்த்திகை நடுவில் பெண் குழந்தை பிறந்தது. மாடு முகம் திருப்பிய அந்த வாரமே, தெருவில் பால் எடுக்க மோட்டார் சைக்கிளில் வருகிறவர் "ஒரு ஊசி போட்டா தாரையா வரும்" என்றார். வந்தது. அன்றிலிருந்து நான் போகும்வரை நாலு வாரம், காலையும் மாலையும் ஊசி. கடைசியில் ஊசி போட்டாலும் பால் குறைந்தது. ஊசி போடாவிட்டால் ஒன்றுமே இல்லை.

கொட்டிலில் பார்த்தது

முதல் நாள் சாயங்காலம் நான் மாட்டைத் தொடவில்லை. கறக்கச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன். எங்கள் தொழிலில் நோயைத் தேடும் அவசரத்தில் விட்டுப்போகிற வேலை இது: சும்மா பார்ப்பது.

கொட்டிலில் ஐந்து பேர். அம்மா கறக்க, அப்பா கையில் குச்சியோடு, பக்கத்து வீட்டுக்காரர் கொம்புக் கயிற்றைப் பிடித்தபடி, இரண்டு பையன்கள் வேடிக்கை பார்த்தபடி. பின்னங்காலில் கயிறு கட்டினார்கள். அம்மா உட்கார்ந்ததும் காம்பை இழுக்க ஆரம்பித்தார். மாட்டின் காதுகள் பின்னால் மடங்கியிருந்தன, வால் ஒடுங்கியிருந்தது. உதைக்கப் பார்த்தது. குச்சி விழுந்தது. ஒரு நிமிடம் ஆடாமல் நின்றது. மறுபடி உதை, மறுபடி குச்சி. நான் எண்ணினேன்: ஏழு அடி. கிடைத்த பால் 300 மில்லி. இடையில் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. ஊசிக்காரர் இல்லை, வேறு யாரோ. மாடு உடம்பை முறுக்கிச் சாணம் போட்டது.

பிறகு மடியைச் சோதித்தேன். மடிநோய் இல்லை. பாலில் திரி இல்லை, காம்பில் புண் இல்லை, காய்ச்சல் இல்லை. மடி நிறைய பால். அம்மா சொன்னதில் அந்தப் பாதி சரி.

மாட்டின் மடியைக் குடம் போல நினைத்துக்கொள்வதால்தான் 'ஒளிக்கிறது' என்ற எண்ணம் வருகிறது. பால் பெரும்பகுதி, ஐந்தில் நாலு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், மடிக்குள் இருக்கும் லட்சக்கணக்கான நுண்ணறைகளில் நிற்கிறது. காம்புக்கு மேலுள்ள தொட்டியில் தானாக இறங்கி நிற்பது சிறு பங்குதான். நாட்டு மாட்டில் அதுவும் குறைவு. கன்றின் வாயோ கறப்பவர் கையோ காம்பில் பட்டால் நரம்பு வழியே மூளைக்குச் செய்தி போகிறது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி ஆக்ஸிடாசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது மடிக்கு வந்து நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களை இறுக்கியதும் பால் கீழே தள்ளப்படுகிறது. இதற்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் பிடிக்கும். உட்கார்ந்த கையோடு இழுத்தால் அந்த நிமிடத்தை நாம் மாட்டுக்குக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். மாடு இதை நினைத்து நடத்துவதில்லை. நமக்கு வியர்ப்பது போல அதற்குப் பால் இறங்குகிறது.

பயம் வந்தால் இந்த வரிசை முதல் படியிலேயே நின்றுவிடும். 1941இல் வெளியான ஆய்வில் அமெரிக்காவின் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் கறவை நேரத்தில் பசுவின் முதுகில் பூனையை விட்டும், காகிதப் பைகளை ஊதி வெடித்தும் பார்த்தார்கள். பால் இறங்கவில்லை. பயத்தில் உடம்பு விடும் அட்ரினலினை ஊசியாகப் போட்டபோதும் அதுவே நடந்தது. பழக்கமில்லாத இடத்தில் கறந்தால் மூளை ஆக்ஸிடாசினையே விடுவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அந்தக் கொட்டிலில் பூனைக்குப் பதில் குச்சி இருந்தது.

ஊசி என்ன செய்தது? அந்தச் சீசாவில் இருந்ததும் ஆக்ஸிடாசின்தான். மூளை விடவேண்டியதை வெளியிலிருந்து கொடுத்தார்கள். தொடர்ந்து இப்படிக் கொடுத்து நிறுத்தினால் மாடு தானாகப் பால் இறக்குவது குறைந்துபோகிறது என்பதை ரூபர்ட் புருக்மையர் என்ற ஆய்வாளர் 2003இல் ஆய்வாக வெளியிட்டார். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. பால் கூட்டுவதற்காக மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் குற்றம். நான் அந்த மனிதரை நேரில் பார்த்து இதைச் சொன்னேன். அவர் கோபப்பட்டார். என் கோபம் அவரைவிடக் கூடுதலாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மாடு கற்றுக்கொண்ட மூன்று பாடங்கள்

பாடப்புத்தகம் 'ஆக்கநிலையிறுத்தம்' என்கிறது. எங்கள் பக்கத்தில் 'பழக்கம் விழுந்துடுச்சு' என்பார்கள். எனக்கு ஊர்ச் சொல்தான் பிடித்திருக்கிறது, விழுந்த பழக்கத்துக்கு யாரும் பொறுப்பில்லை என்கிற தொனியை மட்டும் கழித்துவிட்டால்.

ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ் 1904இல் நோபல் பரிசு பெற்றது செரிமான ஆய்வுக்காக. உணவு வாயில் படுவதற்கு முன்பே, கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே நாய்க்கு எச்சில் ஊறியது அவருடைய அளவுகளைக் கெடுத்தது. அந்தத் தொந்தரவையே அவர் ஆய்வுப்பொருளாக்கிக்கொண்டார். மெட்ரோனோம் என்ற தாளக்கருவியின் சத்தத்தை அடுத்து உணவு என்று திரும்பத் திரும்பக் கொடுத்தால், சத்தம் மட்டுமே எச்சிலை வரவழைக்கும். சத்தம் மட்டும் வந்து உணவு வராமலே போனால் எச்சில் மெல்ல மெல்ல நின்றுவிடும்.

நம் மாட்டுக்கு முதல் பாடம் கன்று. கன்றின் வாசனை, சத்தம், பிறகு காம்பில் வாய். முதல் ஈத்திலிருந்தே படித்த பாடம். தோல் கன்று முதல் வாரம் வேலை செய்தது அந்தப் பழைய கணக்கில். ஆனால் தோல் கன்று ஊட்டாது, முட்டாது, கத்தாது. வாசனை மட்டும் வந்து, தொடர்ந்து வர வேண்டியது வராமல் போனதால் வாசனை பொய்யானது. அப்பாயி "மாடு கண்டுபிடிச்சிட்டுது" என்றார். மெட்ரோனோம் கேட்டும் உணவு வராத நாய்க்கு நடந்ததும் அதேதான்.

இரண்டாவது பாடம் பயம். மோட்டார் சைக்கிள் சத்தம், பை திறக்கும் ஓசை, கழுத்தில் குத்து. இதைக் கற்க வாரக்கணக்கு வேண்டியதில்லை. இரண்டு மூன்று தடவை போதும். அதுவும் குத்திய வண்டியோடு நிற்காமல் எல்லா வண்டிக்கும் பரவிவிட்டது. என் பையைப் பார்த்தும் அது பின்வாங்கியது.

மூன்றாவது பாடம் இன்னும் நுணுக்கமானது, அதில் மனிதரும் மாணவர். மாடு உதைத்தால் இழுக்கும் கை ஒரு கணம் விலகுகிறது. உதைக்குக் கூலி கிடைத்தது. அப்பா அடித்தால் மாடு ஒரு நிமிடம் அசையாமல் நிற்கிறது. அடிக்குக் கூலி கிடைத்தது. ஒருவருக்கொருவர் பாடம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். உளவியலாளர் தார்ன்டைக் கூண்டுக்குள் பூனையை விட்டுக் கண்டதும், ஸ்கின்னர் எலியையும் புறாவையும் வைத்து வருடக்கணக்கில் அளந்ததும் இந்தக் கூலிக் கணக்கைத்தான். அப்பா கெட்டவர் இல்லை. கன்று செத்த அன்று சாப்பிடாமல் படுத்தவர். "அடிச்சாத்தான் நிக்குது டாக்டரம்மா" என்று அவர் சொன்னது அவர் கண்ணால் கண்ட உண்மை. அந்த ஒரு நிமிட அமைதி அவருக்குக் கண்ணில் படுகிறது. அதற்கு விலையாக நின்றுபோன பால் படவில்லை.

முதல் நாலு நாள்: தோற்ற முயற்சி

ஊசியை ஒரேயடியாக நிறுத்தாமல் நாலு நாளில் அளவைக் குறைத்து நிறுத்த முடிவு செய்தேன். அந்த நாலு நாளும் நானே போட்டேன். கூடவே புதிய அடையாளம் ஒன்றைப் பழக்க நினைத்தேன். ஊசிக்கு முன் அம்மா பித்தளைச் செம்பில் மோதிர விரலால் மூன்று தட்டு தட்டுவார். செம்புச் சத்தம், பிறகு ஊசி, பிறகு பால். பாவ்லோவ் முறைப்படி சரியான வரிசை. ஐந்தாம் நாள் ஊசியில்லாமல் செம்பை மட்டும் தட்டிக் கறந்தோம். 200 மில்லி.

அன்று இரவு குறிப்பேட்டில் 'காமின்' என்று எழுதினேன். உளவியலாளர் லியான் காமின் 1960களின் இறுதியில் எலிகளிடம் கண்டது இது: ஒரு அடையாளத்தை வைத்தே நடக்கப்போவது தெரிந்துவிடுகிறது என்றால், கூடச் சேர்க்கும் இரண்டாவது அடையாளத்தை விலங்கு கற்பதேயில்லை. சேர்ந்து வருவது மட்டும் போதாது, புதிதாகச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். ஊசிக் குத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடும்போது செம்புக்கு என்ன வேலை?

அழகான விளக்கம். இப்போது யோசித்தால் அதைவிட எளிய விளக்கம்தான் சரியென்று படுகிறது. ஊசி போட்ட நாட்களில் பாலை இறக்கியது வெளி மருந்து. மூளை அந்த வேலையில் கலந்துகொள்ளவேயில்லை. செய்யாத வேலையை எந்த அடையாளத்தோடு முடிச்சுப் போட முடியும்? எங்கள் செம்பு பயத்தின் அடையாளமாக மாறியிருந்தாலும் ஆச்சரியமில்லை. புத்தகம் படித்தவருக்கு வரும் ஆபத்து இது: பொருந்துகிற பெயர் கிடைத்ததும் மாட்டைப் பார்ப்பதை நிறுத்திவிடுவோம்.

அந்த ஐந்தாம் நாள், நான் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது மகள் ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து பேசினாள். பிள்ளை பெற்ற உடம்பு என்று கொட்டில் பக்கமே விடுவதில்லை. எல்லாவற்றையும் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள்.

"அதைச் சுத்தி எல்லாரும் நிக்கறாங்கல்ல டாக்டர், எனக்கும் அப்படித்தான். புள்ளயத் தூக்கிட்டு உக்காந்தா அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு ஆத்தா எல்லாம் வந்து குனிஞ்சு பாக்கறாங்க. 'பால் பத்தல போலருக்கே'ங்கறாங்க. எனக்கு வரவே மாட்டேங்குது. மதியம் எல்லாரும் தூங்கறப்ப பாப்பா சும்மா சிணுங்கினாலே ரவிக்கை நனைஞ்சுடுது."

நான் பேனாவை வைத்துவிட்டேன். அந்த வீட்டில் ஒரே கோளாறு இரண்டு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. மாட்டுக்கு மருத்துவர் வந்திருந்தார்; அவளுக்குப் பால்பவுடர் டப்பா வந்திருந்தது.

1948இல் நைல்ஸ் நியூட்டன், மைக்கேல் நியூட்டன் என்ற தம்பதி இதைச் சோதித்திருக்கிறார்கள். பாலூட்டும்போது தாயின் கால்களைப் பனிநீரில் வைப்பது, அவசரமாகக் கணக்குப் போடச் சொல்வது என்று தொந்தரவு கொடுத்து, குழந்தையைப் பால் குடிக்கும் முன்னும் பின்னும் எடை பார்த்தார்கள். தொந்தரவு இருந்த நாட்களில் குழந்தைக்குக் கிடைத்த பால் வெகுவாகக் குறைந்தது. ஆக்ஸிடாசின் கொடுத்தால் அதே தொந்தரவிலும் பால் இறங்கியது. அதாவது பால் இருந்தது, இறங்கவில்லை. 1983இல் மெக்னீலி குழுவினர் பிரிட்டனில் தாய்மார்களின் ரத்தத்தை அளந்தபோது, பலருக்குக் குழந்தை வாய் வைக்கும் முன்பே, அது அழுததும், ஊட்டுவதற்குத் தாய் தயாரானதும் ஆக்ஸிடாசின் ஏறியது. பால் உற்பத்திக்கான புரோலாக்டினோ குழந்தை சப்பத் தொடங்கியபின்தான் ஏறியது. முன்னது கற்றுக்கொள்ளும், பின்னது கற்றுக்கொள்ளாது. 'பத்தல' என்பதும் 'இறங்கல' என்பதும் வேறு வேறு. ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். நான் மாட்டு மருத்துவர், உனக்கு யோசனை சொல்ல வேண்டியது கிராம சுகாதார செவிலியர் என்றும் சொல்லி, அவரையே மறுநாள் வரச் சொன்னேன். அவர் வந்து குழந்தையை எடை பார்த்தார், முகத்தில் கவலை இல்லை. பிறகு அறைக்கதவைச் சாத்தி, வெளியே திண்ணையில் அரை மணி நேரம் அவரே காவல் உட்கார்ந்தார். ஊர் அத்தைமாருக்கு அவர் சொன்னது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது: "பாக்கணும்னா புள்ள தூங்கறப்ப வந்து பாருங்க."

ஆறாம் நாளிலிருந்து

கொட்டிலில் அம்மா மட்டும். குச்சியும் கால்கயிறும் வெளியே. பால் எடுக்கும் வண்டி தெருமுனையோடு நிற்கும். அம்மா வந்ததும் செம்பில் மூன்று தட்டு. ஊறவைத்த பருத்திக்கொட்டையும் தவிடும் தொட்டியில். வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, இழுக்காமல் உள்ளங்கையால் தடவிக்கொடுப்பது. எவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டார். கடிகாரம் வேண்டாம், மெதுவாக நூறு எண்ணுங்கள் என்றேன். அவர் எண்ணவில்லை, மார்கழி மாதமென்பதால் கோயில் ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகிய பாசுரம் ஒன்றைத் தனக்குள் முழுதாகச் சொல்லி முடித்தபின் கறந்தார். எண்ணுவதைவிட நல்ல முறை, ஏனென்றால் அவருக்கும் படபடப்பு குறைந்தது.

என் பையைக் கண்டு மாட்டுக்கு வரும் பயத்துக்கு உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸின் வழி. 1924இல் அவர் வெளியிட்ட ஆய்வில் பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிறையாத பையன் முயலைக் கண்டு நடுங்குவான். பிடித்த தின்பண்டத்தை அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல்கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினார். அதே போல மாடு பருத்திக்கொட்டை தின்னும்போது என் பை முதல் நாள் வேலியோரம், பிறகு வைக்கோல் போருக்கு அருகில், பிறகு கொட்டில் தூணில். ஒன்பது நாளானது. அவசரப்பட்டு ஒரு நாள் இரண்டு எட்டு கூடுதலாக வைத்தேன். மூன்று நாள் பின்னால் போனது.

அளவு மெதுவாக ஏறியது. புதுமுறையின் முதல் மூன்று நாள் 250, 300 மில்லி. அதன் ஆறாம் நாள் காலை 450. இரண்டாம் வார முடிவில் 700ஐத் தாண்டியது. அந்த வாரம் அம்மா பொழுது விடியும் முன்பே போன் செய்தார். செம்பில் தட்டியதும், கை படும் முன்பே, பின்காம்பிரண்டிலிருந்தும் பால் சொட்டுகிறதாம். மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். மூன்றாவது தட்டு முடிவதற்குள் வைக்கோல் மேல் சொட்டு விழுந்தது. ஜன்னலில் நின்ற மகள் சிரித்தாள். அவளுக்குத்தான் அது முதலில் புரிந்திருக்கும்.

எது வேலை செய்தது என்பதற்கு ஒரு சோதனை தானாகவே அமைந்தது. குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு அம்மாவும் மகளும் விடியற்காலை கிளம்பிவிட, அப்பா கறந்தார். தட்டவில்லை, தடவவில்லை, உட்கார்ந்ததும் இழுத்தார். 200. அன்று சாயங்காலம் அம்மா கறக்க, நேரத்துக்குரிய அளவு திரும்பியது. பிறகு வீட்டார் சம்மதித்ததால் வேண்டுமென்றே இரண்டு மாற்றம் செய்தேன். செம்பை மட்டும் இரண்டு நாள் விட்டோம்: முதல் நாள் கொஞ்சம் குறைந்தது, இரண்டாம் நாள் வித்தியாசமே இல்லை. செம்பை வைத்துக்கொண்டு தடவலை மட்டும் விட்டோம்: பாதிக்கும் கீழே போனது. ஆக, செம்பு செய்தி சொல்கிறது. வேலை செய்வது கை. தடவலை விட்டுப் பார்த்ததை இரண்டாவது முறை செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒரே மாடு, பால் ஏற்கெனவே ஈத்தின் பின்பாதிக்குப் போய்க்கொண்டிருந்தது, ஊசி நின்றதும் புதுமுறை தொடங்கியதும் ஒட்டி ஒட்டி நடந்தவை. இந்தக் கணக்கை வைத்து ஒரு கொட்டிலுக்கு மேல் பேச முடியாது. ஆனால் அந்தக் கொட்டிலில் குச்சி கூரையில் செருகப்பட்டது செருகியபடியே இருந்தது. அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து கைப்பழக்கம் கற்றுக்கொண்டார். அவர் தனியாகக் கறந்த முதல் இரண்டு நாள் குறைவு, மூன்றாம் நாள் சரி.

மாட்டுப்பொங்கலன்று எதிர்பார்த்தது நடந்தது. குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் குங்குமம், கழுத்தில் நெட்டி மாலை, தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு "பொங்கலோ பொங்கல்" என்று கொட்டிலைச் சுற்றிய தெருப்பிள்ளைகள். மாட்டைக் கொண்டாடும் நாளில் மாடு மிரண்டது. சாயங்காலம் 200. மறுநாளும் குறைவுதான், அதற்கு மறுநாள் பழையபடி. அப்பாயிக்குத் தாம்பாளம் இல்லாத பொங்கல் பொங்கலே இல்லை. சத்தத்தைக் கறவைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம்.

நான் எதிர்பார்க்காதது தைக் கடைசியில் வந்தது. ஒரு மாதமாக எந்த வண்டிச் சத்தத்துக்கும் காதைக்கூட ஆட்டாத மாடு, ஒருநாள் காலை வாசலில் உறவினர் வண்டி வந்து நின்றதும் கயிற்றை அறுக்கப் பார்த்தது. பயம் போகவில்லை, அடியில் இருந்திருக்கிறது. மறைந்த துலங்கல் (பழகிய எதிர்வினை) ஓய்வுக்குப் பிறகு தானாகத் தலைகாட்டும் என்று பாவ்லோவே எழுதியிருக்கிறார். அவருக்கு இதைக் கடுமையாகக் கற்றுக்கொடுத்தது ஒரு வெள்ளம். 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் நேவா ஆறு பெருகி ஆய்வுக்கூட நாய்க்கூண்டுகளுக்குள் ஏறியது. மூழ்கும் தறுவாயில் நாய்களை நீந்த வைத்துக் காப்பாற்றினார்கள். பிழைத்தவற்றில் சில, கற்றதையெல்லாம் இழந்திருந்தன. மாதங்கள் கழித்து ஒன்று தேறியபின் அறைக்கதவின் அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். வெள்ளத்தன்றைய நிலை திரும்பிவிட்டது. அதே 1924 ஜூலையில்தான் காவிரியிலும் பெருவெள்ளம். இங்கே அதை மாடுகள் எப்படித் தாங்கின என்று அளந்தவர் யாருமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறியதற்குப் பிறகு, காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கொட்டிலுக்குள் வர மறுத்த மாடுகளை நானே பார்த்திருக்கிறேன். அப்போது அதையும் பிடிவாதம் என்றுதான் சொன்னார்கள்.

மாசிக் கடைசியில் மகள் மூன்று மாதக் குழந்தையோடு புகுந்த வீட்டுக்குக் கிளம்பினாள். பால்பவுடர் டப்பா பாதியோடு சமையலறைப் பரணில் இருந்தது. டப்பாவுக்குப் பக்கத்தில், புகை படிந்து, தோல் கன்றும் இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது. நூறு நாளுக்கு மேல் அந்த மாடு அதைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை காட்டலாமா என்று கேட்டேன். அப்பாவுக்கு விருப்பமில்லை, ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். செம்பு தட்டவில்லை, தீனி வைக்கவில்லை, யாரும் தொடவில்லை. முன்னால் வைத்தோம்.

மாடு முகர்ந்தது. ரொம்ப நேரம் முகர்ந்தது. பிறகு உப்பும் மஞ்சளும் புகையுமாக விறைத்துப்போன அந்த முதுகை நக்க ஆரம்பித்தது. தொண்டைக்குள்ளிருந்து, கன்றுக்கு மட்டும் கொடுக்கும் அந்தத் தணிந்த குரல் வந்தது. பின்காம்பில் பால் துளி கட்டி நின்று, விழுந்தது.

நான் அளவுச் சொம்பை எடுக்கக் குனிந்தேன். அப்பாயி தடியை ஊன்றி எழுந்து வந்து, தோல் கன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "போதும் டாக்டரம்மா, வையி" என்றார். அன்று சாயங்காலமே அதைக் கொல்லையில் தென்னையடியில் புதைத்துவிட்டதாக அம்மா பிறகு சொன்னார். குறிப்பேட்டில் அன்றைய தேதிக்கு நேரே அளவுக் கட்டம் காலியாக இருக்கிறது.